வலுத்த மீனுக்கு எந்த லீடர்?

ரீலில் சுற்றியிருக்கும் நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே கட்டப்படும் ஒன்றிரண்டு மீட்டர் துண்டைத் தூண்டில்காரர்கள் லீடர் என்கிறார்கள். பாறை, சூரை, வஞ்சிரம், சீலா, சுறா போன்ற முரட்டு மீன்களுக்கு அந்தத் துண்டு எதனால் ஆனதாக இருக்க வேண்டும், எவ்வளவு தடிமன் வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. பதில்கள் ஒத்துப்போவதில்லை. எஃகுக் கம்பி இல்லாமல் பல்லுள்ள மீனிடம் போகாதே என்பார் ஒருவர். கம்பியைக் கண்டால் நல்ல மீன் கிட்டவே வராது என்பார் இன்னொருவர். தடித்த நைலான் போதும் என்று ஒரு கட்சி, ஃப்ளூரோகார்பன் இல்லாவிட்டால் வீண் என்று மற்றொரு கட்சி. இவற்றில் எதுவும் முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆபத்தை மனத்தில் வைத்துப் பிறந்தது. ஆபத்தை மறந்துவிட்டுப் பதிலை மட்டும் பொதுவிதியாக்கியதில்தான் குழப்பம் தொடங்கியது. எது பலமானது என்று கேட்பதைவிட, லீடர் எங்கே, எதனால் அறும் என்று கேட்டால் இந்தப் பதில்களை அவற்றுக்குரிய இடத்தில் வைக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குதிரை மயிரிலிருந்து பிரெய்டு வரை

ஐசக் வால்டன் 1653இல் தன் தூண்டில் நூலை வெளியிட்ட காலத்தில் இங்கிலாந்தில் குதிரைவால் மயிரை முறுக்கித்தான் கயிறு செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டுப்புழு இழை பரவியது. கூடு கட்டும் பருவத்துப் புழுவை வினிகரில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இரு பக்கமும் இழுத்து நீட்டிக் காயவைத்தால் கண்ணாடிபோல் ஒரு இழை கிடைக்கும். ஸ்பெயினின் முர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஓர் இழை ஒரு முழத்தைத் தாண்டுவது அரிது. ஆகவே துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து, தடித்ததிலிருந்து மெலிந்ததாகப் போகும் லீடரைச் செய்தார்கள். காய்ந்திருந்தால் ஒடியும் என்பதால் பயன்படுத்துமுன் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டும். ஆற்று மீனுக்கு இது போதுமானதாக இருந்தது.

கடலில் பெரிய மீனைத் தூண்டில்கோலால் பிடிப்பது ஒரு விளையாட்டாக உருவெடுத்தபோது இந்த இழை தாக்குப்பிடிக்கவில்லை. கலிபோர்னியாவின் கேட்டலினா தீவில் சார்லஸ் ஹோல்டர் 1898இல் 183 பவுண்டு நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். அதே ஆண்டு அங்கே சூரை மன்றம் தோன்றியது. அன்றைய ரீல் நூல் ஆளி நாரால் ஆனது. பல்லும் செதிலும் பட்டால் நொடியில் போய்விடும். அதனால் பியானோவுக்குச் செய்த எஃகுக் கம்பி லீடராகக் கடலுக்கு வந்தது. பிறகு 1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. சில ஆண்டுகளிலேயே பட்டுப்புழு இழைக்கு வேலையில்லாமல் போயிற்று. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் ஃப்ளூரோகார்பன் தூண்டில் நரம்பைக் கொண்டுவந்தது. 1990களில் பிரெய்டு எனும் பின்னிய பாலிஎத்திலீன் நூல் ரீல்களைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கடைசி மாற்றம்தான் லீடரை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது எனலாம். ரீல் முழுக்க நைலான் நரம்பு இருந்தவரை, கடைசி இரண்டு மீட்டரும் அதே நரம்பாக இருப்பதில் பெரிய குறையில்லை. பிரெய்டோ மெல்லியது, வழுக்குவது, கிட்டத்தட்ட நீளாதது. இழுவிசையில் இருக்கும்போது பவளப்பாறை உரசினால் சட்டென்று அறும். ரீல் நூல் வலுப்பெறப் பெற, நுனியில் வேறொரு பொருள் தேவைப்பட்டது.

எஃகின் தரப்பு

கம்பிக்காரர்களின் வாதம் எளிமையானது. ஒரு வகை மீனைப் பொறுத்தவரை மறுக்க முடியாததும்கூட. வஞ்சிரத்தின் பற்கள் கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று பொருந்தி வெட்டுபவை. சீலாவும் சுறாவும் அப்படித்தான். இவற்றின் வாயில் நைலான் எவ்வளவு தடித்திருந்தாலும் அது கால அவகாசம் மட்டுமே, பாதுகாப்பு ஆகாது. கம்பிக்கு இன்னொரு சாதகமும் உண்டு. ஏறத்தாழ 18 கிலோ தாங்கும் ஒற்றைக் கம்பி 0.33 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது, அதே பளுவுக்கு நைலான் என்றால் 0.6 மி.மீ. அளவுக்குப் போக வேண்டும். தண்ணீரில் மறைவதைத் தடிமன் மட்டுமே தீர்மானித்தால் கம்பியே வெல்லும்.

ஆனால் ஒற்றைக் கம்பி ஒருமுறை மடிந்து சுருக்கு விழுந்தால் அந்த இடத்திலேயே ஒடியும். ஏழு இழை முறுக்கிய கம்பி வளைந்து கொடுக்கும். ஆனால் பல் பட்டுப் பட்டு இழை இழையாகப் பிரிந்து சுருளும். நாற்பத்தொன்பது இழைக் கம்பி சுறாவுக்கும் பெரிய மீனுக்கும் உகந்தது, விலை கூடியது, தடிமனும் கூடியது. டைட்டானியம் சுருக்கு விழாமல் நிற்கிறது, விலைதான் பலரைத் தடுக்கிறது. இவை எல்லாம் கையாளக்கூடிய குறைகள். கம்பியின் மீது வைக்கப்படும் கனமான குற்றச்சாட்டு வேறு: அது மீனை விரட்டுகிறது என்பது.

தூண்டில்காரர்களின் பேச்சாக மட்டுமே நெடுநாள் இருந்த இந்தக் குற்றச்சாட்டுக்கு, ஒரே நீண்ட கயிற்றில் ஏராளமான முட்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டில் தொழிலிலிருந்து சான்று கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் சூரைத் தொழிலில் ஒரே தூண்டில் வரிசையில் கம்பி லீடரையும் நைலான் லீடரையும் கலந்து கட்டிச் சோதித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. சுறா உள்ளிட்ட பல மீன்கள் நைலானில் குறைவாகவே அகப்பட்டன. பெருங்கண் சூரை நைலானில்தான் கூடுதலாக அகப்பட்டது. அந்தச் சூரை கம்பியைப் பார்த்து ஒதுங்குகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். நைலானில் பிடிபட்ட அளவுக்கு, அதைக் கடித்து அறுத்துக்கொண்டு தப்பியவையும் இருக்கக்கூடும் என்றும் அவர்கள் கணித்தார்கள். கூடுதல் சூரையால் வந்த வருமானம், இழந்த முள்ளுக்கும் நரம்புக்கும் ஆன செலவை மிஞ்சியது.

இதை அப்படியே கோல் தூண்டிலுக்குப் பொருத்த முடியுமா என்பதில் நிதானம் தேவை. ஆழத்தில் அசையாமல் தொங்கும் இரையை மீன் நின்று நிதானித்துப் பார்க்கிறது. வேகமாக இழுக்கப்படும் செயற்கை இரையை வஞ்சிரம் பாய்ந்து வெட்டும்போது அந்த அவகாசம் கிடையாது. ஆகவே கம்பி எப்போதும் கெடுதல் என்று முடிவு செய்ய இந்த ஆய்வு இடம் தருவதில்லை. வேகமாக ஓடும் இரைக்கு ஒரு சாண் கம்பியும், நின்று மிதக்கும் உயிர் இரைக்கு மெல்லிய நரம்பும் என்று இரு முறைகளும் அருகருகே நீடிப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

தடித்த நைலானும் அதன் கணக்கும்

பவளப்பாறைகளுக்கு நடுவே பெரும் பாறை மீனைத் துரத்துவோரிடம் தடித்த நைலானுக்கே ஆதரவு அதிகம். அந்தமானிலும் மாலத்தீவிலும் இத்தகைய தூண்டில் பரவியிருக்கிறது. 130 முதல் 200 பவுண்டு வரை தாங்கும் நைலான் அங்கே சாதாரணம். இந்த மீன் எவ்வளவு வளரும் என்பதற்கு, ஜப்பானில் 2006இல் பிடிபட்ட 72.8 கிலோ பாறை மீன் ஓர் அளவுகோல். அது முள்ளைக் கவ்வியதும் நேரே பவளப்பாறைக்குள் நுழையப் பார்க்கும். அதன் பல்லைவிடப் பாறையின் விளிம்பே நரம்புக்கு எமன்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ரீலின் டிராக்கை, அதாவது நூலைப் பிடித்துவைக்கும் தடையை, நூல் தாங்கும் பளுவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக வைப்பதே வழக்கம். 50 பவுண்டு நூலில் மீன் இழுக்கக்கூடிய விசை பெரும்பாலும் 17 பவுண்டைத் தாண்டாது. தாண்டினால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும். அப்படியானால் 150 பவுண்டு லீடர் எதற்கு? இழுவைக்கு அது தேவையே இல்லை. அந்தக் கூடுதல் தடிமன் உரசி உரசித் தேய்ந்து போவதற்காக வைத்திருக்கும் கையிருப்பு. பாறை உரசி முக்கால் பங்கு போனபின்னும் மிச்சம் நின்றால் லீடர் தன் வேலையைச் செய்துவிட்டது. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பவுண்டு எண்ணை மட்டும் பார்த்து லீடர் வாங்குவோர் இழுவைக்கான அளவுகோலால் தேய்மானத்தை அளக்கிறார்கள்.

தடிமன் அதிகமானால் நட்டமில்லை என்ற எதிர்வாதம் அடிக்கடி எழும். நட்டம் உண்டு. நரம்பின் விட்டம் இரட்டித்தால் தாங்கும் பளு நான்கு மடங்காகும். விறைப்போ பதினாறு மடங்காகும். விறைத்த நரம்பில் உயிர் இரை இயல்பாக நீந்தாது, செயற்கை இரை ஆடாது, முடிச்சு இறுகாது. நைலான் தண்ணீரை உறிஞ்சி, நனைந்தபின் பத்து விழுக்காடோ சற்றுக் கூடவோ வலு குறையும் என்பதும் சேரும். ஆபத்து மாறினால் விதியும் மாறும் என்பதற்கு மஹ்சீரைப் பாருங்கள். காவிரிப் படுகையின் திமில் மஹ்சீர் மோயாறு உட்பட நம் பக்கத்து ஆறுகளிலும் வாழும் பேருருவ மீன்; மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 1946இல் பிடித்ததன் எடை 120 பவுண்டு. அதன் தாடையில் பல்லே கிடையாது. பற்கள் தொண்டையில் இருக்கின்றன, நத்தை ஓட்டை நொறுக்கும் வலுவோடு. இந்த மீனுக்கு லீடர் அறுவது பெரும்பாலும் ஆற்றுப் பாறையில். பல் உள்ள மீனுக்கான கம்பி விதியை இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. இப்போது அது அழியும் விளிம்பில் உள்ள இனமாகச் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், அதற்கு எந்த லீடர் என்ற கேள்வி பழைய தூண்டில் குறிப்புகளை மதிப்பிடுவதற்கு மட்டுமே.

கரையிலிருந்து ஈயம் வீசுவோருக்கு லீடர் தரும் பாதுகாப்பு மீனோடு தொடர்பே இல்லாதது. ஒரு அவுன்சு ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு என்ற கணக்கில், ஐந்து அவுன்சு ஈயத்துக்கு ஐம்பது பவுண்டு நரம்பு கட்டி, வீசும்போது அது ரீலிலும் சில சுற்றாவது இருக்கும்படி பார்ப்பார்கள். வீச்சின் அதிர்வில் மெல்லிய நூல் அறுந்து ஈயம் கூட்டத்துக்குள் பாயாமல் காப்பதுதான் நோக்கம்.

மறையும் நரம்பு என்ற வாக்குறுதி

ஃப்ளூரோகார்பன் விலைக்கு விற்பது கண்ணுக்குத் தெரியாமை. அடிப்படை உண்மைதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42; நைலானுக்கு 1.53 அளவில். நேராக விழும் ஒளியில் நைலான் அரை விழுக்காட்டளவும், ஃப்ளூரோகார்பன் அதில் ஐந்தில் ஒரு பங்கும் பிரதிபலிக்கும் என்று இந்த எண்களிலிருந்து கணக்கிடலாம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் இரண்டுமே மிகச் சிறியவை. மேலே வெளிச்சமான நீர்ப்பரப்பைப் பின்னணியாகக் கொண்டு கீழிருந்து பார்க்கும் மீனுக்கு ஒரு மில்லிமீட்டர் நரம்பின் நிழலுருவும், அதன் முனையில் உள்ள முள்ளும், சுவிவல் எனும் சுழல் இணைப்பும் தெரியும். தெளிந்த நீரில், மெல்லிய நரம்பில், நிதானித்துக் கடிக்கும் மீனிடம் ஃப்ளூரோகார்பன் உதவக்கூடும். 150 பவுண்டு தடிமனில் அந்த வாக்குறுதி எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகமே.

விளம்பரத்தில் குறைவாகப் பேசப்படும் குணங்களே நடைமுறையில் அதிகம் உதவுகின்றன. ஃப்ளூரோகார்பன் தண்ணீரை உறிஞ்சாது. நனைந்தும் வலு மாறாது. அதன் அடர்த்தி 1.78, நைலானின் அடர்த்தி 1.14, ஆகவே அது விரைவாக மூழ்கும். அடியாழத்தில் களவாவுக்கும் சங்கராவுக்கும் இரை இறக்குவோருக்கு அது வரம். நீர்மட்டத்தில் தெறிக்கும் பாப்பர் இரைக்கு அதே குணம் சாபம். இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். முடிச்சைப் போடும்போது ஈரப்படுத்தாமல் இழுத்தால் சூட்டில் அது வலுவிழப்பதும், தடித்த அளவில் முடிச்சு சரியாக உட்காராததும் தெரிந்த குறைகள்.

செய்முறை: முடிச்சு, முறுக்கு, ஸ்லீவ்

பொருளைப் பற்றிய சண்டையில் மறைந்துபோகும் ஒன்று, லீடர் நடுவில் அறுவதைவிட இணைப்பில் அறுவதே அதிகம் என்பது. பிரெய்டையும் தடித்த நரம்பையும் இணைக்க இப்போது பரவலாகக் கட்டப்படுவது எஃப்.ஜி. முடிச்சு. அதில் லீடர் மடங்குவதே இல்லை. பிரெய்டு அதன்மேல் இடமும் வலமுமாக மாறி மாறி இருபது சுற்று அளவுக்குச் சுற்றி, உராய்வால் மட்டுமே பிடித்து நிற்கிறது. ஈரப்படுத்தி மெதுவாக இழுக்கும்போது சுற்றுகள் லீடருக்குள் அமுங்கி நிறம் மாறும். நிறம் மாறாத முடிச்சு வெளியிலிருந்து அழகாகத் தெரிந்தாலும் முதல் பெரிய இழுப்பில் வழுக்கிக் கழன்றுவிடும். முடிச்சு மெல்லியதாக இருப்பதால் கோலின் வளையங்களில் தடையின்றிப் போகும். வேறு பல முடிச்சுகளைக் காட்டிலும் இது மேலானது என்ற கருத்துக்கு இந்த வடிவமே காரணம். கட்டுபவரின் பொறுமையைச் சார்ந்தது என்பது இதன் பலவீனம்.

ஒற்றைக் கம்பியை முள்ளில் சேர்க்க முடிச்சு உதவாது, முறுக்குத்தான். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று சமமாகத் தழுவும்படி மூன்றரைச் சுற்றுக்குக் குறையாமல் முறுக்கி, பிறகு ஒரு நுனியை மட்டும் நெருக்கமாகச் சில சுற்று சுற்ற வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றது அதன்மேல் சுற்றினால் இழுவையில் சரிந்து வெளியே வரும். மிச்ச நுனியை இடுக்கியால் வெட்டக்கூடாது. கைப்பிடிபோல வளைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றோடு ஒட்டி ஒடியும். வெட்டினால் கூர்மையான முனை நிற்கும், படகில் லீடரைக் கையால் பிடிப்பவரின் விரலைக் கிழிக்கும்.

நூறு பவுண்டைத் தாண்டிய நைலானுக்கு ஸ்லீவ் எனும் உலோகக் குழாயை நசுக்கி இணைப்பது வழக்கம். நரம்புக்குச் சரியான உள்ளளவு கொண்ட குழாயைத் தேர்ந்து, நடுப்பகுதியை மட்டும் அழுத்தி, இரு விளிம்புகளையும் விரிந்தபடி விட வேண்டும். விளிம்பையும் நசுக்கினால் அதே விளிம்பு நரம்பை அறுக்கும் கத்தியாகிவிடும். வெளியே நீண்ட நுனியைச் சூட்டில் உருக்கிக் குமிழாக்குவது கழலாமல் இருக்க ஒரு காப்பு. எஃகுக் கம்பிக்கு ஆன குழாய் வேறு, நைலானுக்கு ஆனது வேறு. இந்த அற்பத் தவறில் போன பெரிய மீன்களை எண்ணினால் நைலானா ஃப்ளூரோகார்பனா என்ற விவாதம் சிறுத்துவிடும்.

அறுந்தபின் மீனுக்கு என்ன ஆகிறது

கேட்டலினா மரபிலிருந்து ஒரு பழைய எதிர்வாதம் உண்டு: கைத்திறமை இருந்தால் மெல்லிய நூல் போதும், லீடரைப் பற்றி இவ்வளவு மெனக்கெடுவது திறமைக் குறைவை மறைப்பது. நியூயார்க்கில் 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் சாதனை விதிகளிலும் இந்த நோக்கின் சாயலைக் காணலாம். கடலில் 20 பவுண்டு வரையான நூலுக்கு லீடர் 15 அடி, அதற்கு மேல் 30 அடி என்று அது உச்சவரம்பு வைக்கிறது. லீடரின் வலுவுக்கு வரம்பில்லை. இழுவையைப் பொறுத்தவரை எதிர்வாதம் சரி. பல்லையும் பாறையையும் எந்தக் கைத்திறமையும் தடுக்காது என்பதால், அது பாதி உண்மைதான்.

முன்பு யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இப்போது விவாதத்தின் திசையை மாற்றியிருக்கிறது. லீடர் ரீல் நூலைவிட மிக வலுவாக இருந்தால், அறுதல் மேலே நிகழும். மீன் முள்ளோடு லீடரையும் சில நேரம் நீளமான பிரெய்டையும் இழுத்துக்கொண்டு திரியும். பசிபிக் சூரைத் தொழிலில் அகப்பட்ட சுறாக்களுக்குச் செய்மதிக் குறியிட்டு விட்ட ஆய்வு 2021இல் வெளியானது. உடலில் தொங்கும் நரம்பும் கம்பியும் குறையக் குறைய உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடியது. இதையொட்டியே சட்டங்களும் வந்தன. ஹவாய் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் 2022 முதல் கம்பி லீடருக்குத் தடை. மேற்கு, மத்தியப் பசிபிக் மீன்வள ஆணையம் 2024 முதல் பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 20 பாகை வரை கம்பி லீடரைத் தடுத்திருக்கிறது. சுறா கடித்து அறுத்துக்கொண்டு போகட்டும் என்பதே நோக்கம். அறுவதைத் தோல்வியாகவே பார்த்த பழைய மரபுக்கு நேர்மாறாக, அறுவதை விரும்பி ஏற்கும் கொள்கை இது.

சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடல் போகும் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் மீனவருக்கு இந்தக் கொள்கையின் பொருள் நேரடியானது. எதை விட்டுவிடலாம், எதை இழக்கக்கூடாது என்பதை லீடர் முன்கூட்டியே தீர்மானிக்கிறது. கோல் தூண்டில்காரருக்கும் அதே தர்க்கம் பொருந்தும். அறுந்தே தீருமானால் முள்ளுக்கு அருகில் அறட்டும். பெரிய லீடருக்கு மேலே நன்றாகக் கட்டிய முடிச்சும், முள்ளுக்கு அருகில் சற்றே மெலிந்த துண்டும் வைப்பது இதைச் சாதிக்கும் ஒரு வழி.

தீராதவை

நைலானைக் கடித்துத் தப்பிய சுறாக்களில் எத்தனை, வாயில் முள்ளோடு எவ்வளவு நாள் வாழ்கின்றன என்பது இன்னும் திருத்தமாக அறியப்பட வேண்டியது. கம்பித் தடையின் முழு மதிப்பும் அந்த விடையில் தொங்குகிறது. லீடரின் தோற்றத்தால் கோல் தூண்டிலில் கடி எவ்வளவு குறைகிறது என்பதற்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கு இருப்பதுபோன்ற ஒப்பீடு தேவை. உரசலைத் தாங்கும் திறனைப் பொட்டலங்கள் பவுண்டைப் போல ஒரு பொது எண்ணாகச் சொல்வதில்லை. வாங்குபவருக்கு மிகவும் தேவைப்படும் எண் அதுதான்.

இப்போதைக்கு இருக்கும் சான்றை வைத்துச் சொல்லத்தக்கது இவ்வளவே. வெட்டும் பல்லுக்குக் குட்டையான கம்பி. பாறைக்கும் பவளத்துக்கும் தடித்த நைலான். ஆழத்துக்கும் தெளிந்த நீரில் மெல்லிய நரம்புக்கும் ஃப்ளூரோகார்பன். இவற்றில் எதைக் கட்டினாலும், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அங்கே வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.